நிலாவா, நல்ல தண்ணியா? கொங்கு நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் சந்திரயான்-3 நிலாவில் இறங்கியபோது அன்னூர், அவிநாசி, பெருந்துறைப் பக்கத்து டீக்கடைகளிலும் டிவிக்கு முன்னால் கூட்டம் நின்றது. கைதட்டி முடித்த கையோடு இன்னொரு பேச்சும் கிளம்பியது: "நல்ல தண்ணி பத்து நாளைக்கு ஒருக்கா வருது, நிலாவுக்கு என்ன அவசரமுங்க?" அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. மேம்பாலம் திறந்தாலும், எங்காவது பெரிய சிலை வைத்தாலும், மெட்ரோ வரும் என்று சொன்னாலும் மறுபடி எழுகிறது. வழக்கமாக வரும் கேள்விகளும், எனக்குச் சரியென்று படுகிற பதில்களும் இங்கே.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அரசு எதை முதலில் செய்ய வேண்டும்?

தண்ணீர், சாப்பாடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கழிப்பறை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் இவையெல்லாம் நூற்றுக்கு நூறு முடிகிற வரை வேறெதையும் தொடக்கூடாது என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதைவிட முக்கியமாக, குழாயில் தண்ணீர் வராததற்கு ராக்கெட்டைத் திட்டிவிட்டுப் போனால், அதற்கு உண்மையிலேயே பதில் சொல்ல வேண்டியவர்கள் சத்தமில்லாமல் தப்பித்துக்கொள்கிறார்கள். கீழே இருப்பதில் பெரும்பகுதி அவர்களைப் பற்றித்தான்.

நிலாவுக்குச் செலவழித்த காசில் ஊர் ஊருக்குத் தண்ணீர் கொடுத்திருக்கலாமே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சந்திரயான்-3க்கு ஆன செலவு சுமார் 615 கோடி ரூபாய். இந்தியாவில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் ஊராட்சிகள் இருக்கின்றன. பிரித்துக் கொடுத்தால் ஒரு ஊராட்சிக்கு 25 ஆயிரம் ரூபாய்கூட முழுதாக வராது. எரிந்துபோன சப்மெர்சிபிள் மோட்டாரை மேலே தூக்கி ரீவைண்டிங் செய்து இறக்குவதற்குள் அந்தப் பணம் தீர்ந்துவிடும். அடுத்த வருஷம் மோட்டார் மறுபடி எரியும், அப்போது நிலாவும் இருக்காது, காசும் இருக்காது.

விண்வெளித் துறை மொத்தத்தையும் எடுத்துக்கொண்டாலும் கதை பெரிதாக மாறாது. 2023-24 மத்திய பட்ஜெட்டின் மொத்தம் சுமார் 45 லட்சம் கோடி. அதில் விண்வெளித் துறைக்கு ஒதுக்கியது 12,544 கோடி, அதாவது நூறு ரூபாயில் 28 காசு. அதே பட்ஜெட்டில் வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கும் ஜல் ஜீவன் திட்டத்துக்கு 70,000 கோடி. உணவு மானியம் 1.97 லட்சம் கோடி. பழைய கடனுக்கு வட்டி கட்ட மட்டும் 10.8 லட்சம் கோடி. நூற்றுக்கு 24 ரூபாய் அங்கே போய்விடுகிறது. டீக்கடையில் வட்டியைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. அது வானத்தில் புகை விட்டுக்கொண்டு போவதில்லை, அதனால் கண்ணில் படுவதில்லை.

நம் பக்கத்துக் கணக்கு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோவை அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம், 2025 அக்டோபரில் திறந்தது, 1,791 கோடி. மூன்று மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 1,916 கோடி. நிலாவுக்குப் போன செலவு மேம்பாலத்தில் மூன்றில் ஒரு பங்கு. மேம்பாலம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்தச் சாலையில் ஹோப் காலேஜ் சிக்னலில் நின்று வெந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் தண்ணீரோடு ஒப்பிட்டு ஒன்றைக் கேள்வி கேட்பதென்றால், முதலில் ஸ்ரீஹரிகோட்டாவைப் பார்க்க வேண்டியதில்லை. உள்ளூரிலேயே ஒப்பிட நிறைய இருக்கிறது.

அப்படியென்றால் பணம் இருந்தும் குழாயில் தண்ணீர் ஏன் வருவதில்லை?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

ஜல் ஜீவன் 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டது. 2024க்குள் ஒவ்வொரு கிராமத்து வீட்டுக்கும் குழாய், ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது இலக்கு. இலக்கு இப்போது 2028க்குத் தள்ளிப்போயிருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது 2024-25 பட்ஜெட். ஆண்டுத் தொடக்கத்தில் 70 ஆயிரம் கோடிக்கு மேல் ஒதுக்கினார்கள். திருத்திய மதிப்பீட்டில் அது 22,694 கோடியாக இறங்கிவிட்டது. காசை நிலா தின்னவில்லை. ஒதுக்கிய காசே ஊருக்கு வந்து சேரவில்லை.

சரி, குழாயும் போட்டாயிற்று என்று வையுங்கள். அப்புறம் நடப்பதை எந்தக் கொங்குக் கிராமத்திலும் பார்க்கலாம். காலையில் டேங்க் ஆபரேட்டர் டிவிஎஸ் எக்ஸெல்லில் வருவார், முன்னால் நீளமான வால்வு சாவி குறுக்கே கிடக்கும். வடக்கு வீதிக்குத் திறந்தால் தெற்கு வீதிக்கு அடைக்க வேண்டும். மேட்டு வளவுக்கு, அதாவது மேட்டில் இருக்கும் குடியிருப்புக்கு, தண்ணீர் ஏறாது. அதனால் அங்கே வாசலில் இரண்டடி, மூன்றடி ஆழத்துக்குக் குழி தோண்டி, குழாயை வெட்டிக் குழிக்குள் இறக்கி வைத்திருப்பார்கள். ஒருவர் குழிக்குள் குனிந்து சொம்பில் பிடித்துக் குடத்தில் ஊற்ற வேண்டும். மழை பெய்தால் அதே குழியில் சாக்கடையும் நிற்கும். நான்கு வீடு தள்ளி ஒருவர் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சிக்கொண்டிருப்பார். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் அவர் ஏதோ ஒரு வகையில் பங்காளியாக இருப்பார், இல்லாவிட்டால் கட்சிக்காரராக இருப்பார். அரசுக் கணக்கில் மேட்டு வளவும் 'இணைப்பு வழங்கப்பட்டது' என்றுதான் இருக்கும்.

இதைச் சரிசெய்ய விஞ்ஞானம் வேண்டாம். மேட்டு வளவுக்குத் தனியாக ஒரு சின்ன டேங்க், கசியும் கேட் வால்வை மாற்ற ஆள், ஆபரேட்டருக்கு ஒழுங்கான சம்பளம், மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவரின் இணைப்பைத் துண்டிக்கத் துணிச்சல் போதும். இவற்றுக்குக் கல்வெட்டு கிடையாது, திறப்பு விழா கிடையாது. பராமரிப்பு என்ற தலைப்பில் வரும் வேலைக்கு எந்த அமைச்சரும் ரிப்பன் வெட்ட வருவதில்லை.

கேட்பதற்கும் பல வருஷம் ஆளில்லை. 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில். 2019இல் ஜெயித்த ஊராட்சித் தலைவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். அரசியல் சாசனத்தின் 11ஆவது அட்டவணை குடிநீரை ஊராட்சிக்குரிய 29 பொருள்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஊராட்சியையே காலியாக வைத்துவிட்டு, தண்ணீர் ஏன் வரவில்லை என்று யாரைக் கேட்பது?

அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்துக்கு ஏன் இத்தனை காலம்?

வெளியூர்க்காரர்களுக்காகச் சுருக்கமாக: பவானி ஆற்றில் வெள்ளக் காலத்தில் வீணாகப் போகும் உபரி நீரை அவிநாசி, அன்னூர், பெருந்துறைப் பக்கத்து வறண்ட குளங்களுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அறுபது ஆண்டுக்கும் மேலான கோரிக்கை. ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குறுதியாக வந்து போனது. 2016 பிப்ரவரியில் அவிநாசியில் மக்கள் காலவரையற்ற உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். 2019 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார். 2024 ஆகஸ்ட் 17 அன்று மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். இரண்டு கட்சிக்காரர்களும் எங்கள் திட்டம் என்கிறார்கள். இரண்டும் பாதி உண்மை, சண்டையை அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும்.

நம் கேள்விக்கு இதிலிருந்து கிடைப்பது என்ன? அந்த அறுபது ஆண்டில் இந்தியா அணுகுண்டு வெடித்தது, செயற்கைக்கோள் விட்டது, செவ்வாய்க்குப் போனது. ஆனால் அத்திக்கடவு அவற்றால் நிற்கவில்லை. தண்ணீர் எங்கிருந்து எடுப்பது, கேரளத்தோடு சிக்கல் வருமா, ஆற்றுப் பாசனத்தை நம்பியிருக்கும் கீழ்ப்பகுதி ஆயக்கட்டுக்காரர்களின் பங்கு என்ன ஆகும், மலைச்சரிவிலிருந்து தானாகப் பாயவிடுவதா, பம்ப் வைத்து ஏற்றுவதா என்று கோப்பு சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே ஆண்டுக்கு 1.5 டிஎம்சி உபரி நீரை எடுத்து, ஆறு இடங்களில் பம்ப் செய்து, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பூமிக்கடியில் குழாய் போட்டுக் கொண்டுவருவது என்று முடிவானது. முடிவெடுத்தபின் வேலை ஐந்தரை ஆண்டில் முடிந்தது. அதற்கு முன் போன ஐம்பத்தைந்து ஆண்டும் வேலைக்குப் போனவை அல்ல, முடிவெடுக்காமல் போனவை.

இனி இதன் கஷ்டம் வேறு. ஆற்றில் உபரி வந்தால்தான் பம்ப் ஓடும். ஓடினால் கரண்ட் பில் வரும். குளத்துக்குப் போகும் கடைசிக் குழாயில் மண் அடைத்தால் யாராவது தோண்டி எடுக்க வேண்டும். மறுபடி பராமரிப்பில்தான் வந்து நிற்கிறோம்.

வயிறு நிறைந்த பிறகு ஆராய்ச்சி செய்தால் போதாதா?

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பது கொஞ்சம் வேடிக்கை.

1912இல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். அப்போது வட இந்தியாவில் பயிரானது மெலிந்த நாட்டுக் கரும்பு. அங்கே கொள்ளைநோயும் பஞ்சமும் ஓய்ந்திராத காலம். அந்த நேரத்தில் அங்கிருந்த விஞ்ஞானிகள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் ஆற்றோரத்தில் தானாக முளைக்கும் பேய்க்கரும்பைக் கொண்டுவந்து நல்ல கரும்போடு ஒட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தவர்களுக்கு அது வேலையற்ற வேலையாகத் தெரிந்திருக்கும். 1918இல் கோ 205 ரகம் வெளிவந்தது, பஞ்சாபில் பயிரானது. அதற்குப் பின்னால் வந்த கோ ரகங்கள்தான் இந்தியச் சர்க்கரைத் தொழிலையே தூக்கி நிறுத்தின. அந்த 'கோ' நம் கோயம்புத்தூர்தான். ரேஷன் கடையில் வாங்கும் சர்க்கரையில் நூறு வருஷத்துக்கு முந்தைய அந்த ஆராய்ச்சியும் கலந்திருக்கிறது. பஞ்சம் வந்தாலும் விதை நெல்லைக் குத்திச் சோறாக்க மாட்டார்கள் நம் பெரியவர்கள். ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

இன்னொரு உதாரணமும் நம்மூர் ஆள்தான். பொள்ளாச்சிப் பக்கம் பிறந்த சி. சுப்பிரமணியம் 1964இல் மத்திய உணவு அமைச்சரானபோது, நாடு அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நிலையில் இருக்கிற பணத்துக்கெல்லாம் தானியம் வாங்கிப் போட்டால் போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் வேளாண் ஆராய்ச்சி அமைப்பைத் திருத்தினார், விஞ்ஞானிகளை முன்னால் நிறுத்தினார். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18 ஆயிரம் டன் குட்டை ரகக் கோதுமை விதை வந்தது. நாடாளுமன்றத்தில் கடும் எதிர்ப்பு, அந்நியச் செலாவணிக்கே திண்டாட்டமான காலம். சில ஆண்டில் கோதுமை விளைச்சல் எங்கோ போய்விட்டது. பசுமைப் புரட்சியின் பின்விளைவுகளைப் பற்றித் தனியாகச் சண்டை போடலாம், போட வேண்டும். ஆனால் அவர் செய்தது அடிப்படைத் தேவையா, உயர்ந்த லட்சியமா என்று கேட்டால் எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

ராக்கெட்டால் விவசாயிக்கு ஏதாவது பயன் உண்டா?

உண்டு. செயற்கைக்கோள் படங்களை வைத்து எந்தப் பாறையில் நிலத்தடி நீர் இருக்கும் என்று மாநிலம் மாநிலமாக வரைபடம் போட்டிருக்கிறார்கள், குடிநீர்க் கிணறு எங்கே தோண்டலாம் என்று பார்ப்பதற்காகவே. புயல் எச்சரிக்கை இன்னும் பெரிய விஷயம். 1999 ஒடிசா புயலில் சுமார் பத்தாயிரம் பேர் செத்தார்கள். 2019இல் ஃபானி வந்தபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள், சாவு நூறைத் தொடவில்லை.

ஆனால் இந்த வாதத்தை நிலாவுக்கும் இழுத்துக்கொண்டு போகக்கூடாது. விக்ரம் சாராபாய் இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கியபோது, பணக்கார நாடுகளோடு நிலாவுக்கு ஓட்டப்பந்தயம் ஓடுவது நம் நோக்கமில்லை, மக்கள் பிரச்சினைக்கு விஞ்ஞானத்தைப் பயன்படுத்துவதுதான் நோக்கம் என்று தெளிவாகச் சொன்னார். மழை சொல்லும் செயற்கைக்கோளுக்கு ஒரு நியாயம், மனிதனை விண்ணுக்கு அனுப்பும் ககன்யானுக்கு இன்னொரு நியாயம். ககன்யானுக்கு 2018இல் ஒப்புதல் தந்தது சுமார் பத்தாயிரம் கோடி, 2024இல் அது இருபதாயிரம் கோடியைத் தாண்டியது. அதை நியாயப்படுத்தப் புயல் எச்சரிக்கையைக் காட்டினால் நான் ஏற்க மாட்டேன். பெருமைக்காகவும் நாளைய தொழில்நுட்பத்துக்காகவும் செய்கிறோம் என்று நேராகச் சொல்லட்டும், அதன்மேல் விவாதம் நடக்கட்டும்.

நிலாவுக்கும் கொங்கு நாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. சந்திரயான்-1இன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சி அருகே கோதவாடிக்காரர். அந்த விண்கலத்தில் போன கருவிதான் நிலாவில் நீர் மூலக்கூறு இருப்பதைக் காட்டியது. (அவர் ஊர்ப் பக்கம் கோதவாடிக் குளத்துக்குத் தண்ணீர் வருவதே பெரும்பாடு என்று அங்குள்ளவர்கள் கேலி செய்வார்கள், அதுவும் நியாயம்தான்.) லேண்டரையும் ரோவரையும் சோதிக்க நிலா மண்ணைப் போன்ற மண் வேண்டியிருந்தது. அது நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியின் அனார்த்தசைட் பாறையிலிருந்து கிடைத்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையும் இதில் பங்கெடுத்தது. வெளிநாட்டிலிருந்து வாங்கியிருந்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சும்மா கிடைத்த மாதிரி.

நாட்டு லட்சியமும் ஊர்த் தேவையும் நிஜமாகவே மோதினால்?

இங்கேதான் நான் கறாராக இருப்பேன். பட்ஜெட் காகிதத்தில் நடக்கும் மோதல் வேறு. ஒருவர் கிணற்றையோ நிலத்தையோ நேரடியாக எடுத்துக்கொண்டு நடக்கும் மோதல் வேறு. இரண்டாவதற்கு நொய்யல் ஆற்றைவிடச் சாட்சி வேண்டாம்.

எண்பதுகள், தொண்ணூறுகளில் நாட்டின் பெரிய கவலை அந்நியச் செலாவணி. திருப்பூர் பனியன் அதைச் சம்பாதித்துக் கொடுத்தது. டெல்லி பாராட்டியது, சென்னை பாராட்டியது, ஏற்றுமதி விருதுகள் குவிந்தன. சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் இறங்கியது. 1992இல் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி முடித்தார்கள். வயலுக்குப் போக வேண்டிய அணை சாயத் தண்ணீர் தேங்கும் தொட்டியாகிவிட்டது. உப்பு பூமிக்குள் இறங்கிக் கிணறு கிணறாகப் பரவியது. தென்னை குருத்து கருகி நின்றது, இளநீரே உப்புக் கரித்தது என்பார்கள் அந்தப் பக்கத்துக்காரர்கள். கன்றுகாலி வாய் வைக்காத தண்ணீர். பாசனம் கேட்டவர்களே கடைசியில் அணையின் மதகைத் திறந்து வையுங்கள், தேக்காதீர்கள் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். ஒரு விவசாயி அணையில் தண்ணீர் நிற்கக்கூடாது என்று வழக்குப் போடுவதைவிட விபரீதம் என்ன இருக்கிறது?

வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. கெடு கொடுப்பார்கள், கெடு நீளும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. திருப்பூரே ஸ்தம்பித்தது. சாய வேலைக்கு வந்த வெளியூர்த் தொழிலாளிகள் மூட்டை கட்டினார்கள், சின்னப் பட்டறைக்காரர்கள் பலர் மீளவே இல்லை. அவர்கள் பட்ட நஷ்டத்தை லேசாகச் சொல்ல முடியாது. அப்புறம் என்ன ஆயிற்று? அரசு 200 கோடி வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு மாறின. தண்ணீரையும் உப்பையும் பிரித்து மறுபடி பயன்படுத்தக் கற்றுக்கொண்டார்கள். ஓரிரு ஆண்டு தடுமாறிய ஏற்றுமதி பழைய அளவைத் தாண்டிப் போனது. இப்போது அதே முறையைத் திருப்பூர்க்காரர்களே வெளிநாட்டு வாங்குபவர்களிடம் பெருமையாகச் சொல்லி ஆர்டர் பிடிக்கிறார்கள்.

இருபது வருஷம் முன்னாலேயே 'முதலில் கிணறு, அப்புறம் டாலர்' என்று அரசு நின்றிருந்தால், டாலரும் வந்திருக்கும், ஒரத்துப்பாளையத்துக் கிணறுகளும் பிழைத்திருக்கும் என்றே நினைக்கிறேன். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்று அப்போது சொன்னவர்கள் யாருக்காகச் சொன்னார்கள் என்பது இப்போது தெரிகிறது. ராத்திரியில், மழை நேரத்தில் திருட்டுத்தனமாகத் திறந்துவிடுகிறார்கள் என்ற புகார் இன்னும் நிற்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

எரிவாயுக் குழாய், மின்கோபுரம் எல்லாம் நாட்டுக்குத்தானே? விவசாயிகள் ஏன் மறிக்கிறார்கள்?

கொச்சியிலிருந்து பெங்களூருவுக்கு எரிவாயு கொண்டுபோகும், பொதுத்துறை நிறுவனமான கெயிலின் குழாய், கோவையிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களில் 310 கிலோமீட்டர், விளைநிலம் வழியாகப் போடத் திட்டமிட்டார்கள். 2013இல் நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று தமிழக அரசு சொன்னது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கெயில் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தைப் பாருங்கள்: நிலம் உங்கள் பேரிலேயே இருக்கும். ஆனால் குழாய் போகும் பட்டையில் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. அதற்கு 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலத்தின் சந்தை மதிப்பில் பத்து சதவீதம். சத்தீஸ்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூர் வரும் உயர் அழுத்த மின்பாதைக்கு இன்னும் பழைய சட்டம், 1885இல் வெள்ளைக்காரன் தந்திக் கம்பத்துக்காகப் போட்டது.

கரண்ட்டும் எரிவாயுவும் வேண்டாம் என்று எந்தத் தோட்டத்துக்காரரும் சொல்லவில்லை, மோட்டார் ஓடுவதே கரண்டில்தான். நாட்டுக்கு நூறு ரூபாய் லாபம் என்றால் அதற்காக நிலத்தை விடுகிறவருக்குப் பத்து ரூபாய்க் கணக்கு ஏன் என்பதுதான் அவர்கள் கேள்வி. ஐந்து ஏக்கரில் ஒரு கிணற்றை வைத்துப் பண்ணயம் பார்க்கிறவருக்கு, நிலத்தின் நடுவே குறுக்காகப் போகும் பட்டை பாதிப் பிழைப்பு.

இலவச மின்சாரம், காலைச் சிற்றுண்டி எல்லாம் அடிப்படைத் தேவையா, ஓட்டு வாங்கும் வேலையா?

இரண்டையும் ஒரே கூடையில் போடாதீர்கள்.

காலைச் சிற்றுண்டி 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்ட்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. அந்த விரிவாக்கத்துக்கு ஒதுக்கியது ஆண்டுக்கு நானூறு கோடிச் சொச்சம். பனியன் கம்பெனிக்கும் மில்லுக்கும் காலை ஷிஃப்டுக்கு ஓடும் அப்பா அம்மா உள்ள ஊரில், ஏழு மணிக்கு வெறும் டீயைக் குடித்துவிட்டு வரும் பிள்ளைக்கு ஒரு தட்டுக் கிச்சடி என்ன செய்யும் என்று அந்த வகுப்பு டீச்சரைக் கேளுங்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்கில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. முன்னேறிய மாநிலம் என்று மார்தட்டுவதற்கு முன் இந்த இரண்டையும் படித்துவிட வேண்டும்.

இலவச மின்சாரம் சிக்கலானது. 1970 ஜூன் 19 அன்று மின்கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் நடந்த போராட்டத்தில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அந்த ரத்தத்திலும், விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் நடந்த போராட்டங்களிலும் இருந்துதான் 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. அதைப் பறிப்பதைப் பற்றி இங்கே எவரும் பேச முடியாது, நானும் பேசவில்லை. ஆனால் ஆயிரம் அடிக்குக் கீழே போர்வெல் இறங்கியதில் அந்த ஓசிக் கரண்டுக்கும் பங்கு உண்டு. இன்றைய தேவையைத் தீர்த்தது நாளைய தண்ணீரைத் தின்றது.

கேன் தண்ணீர் வாங்கிக்கொள்கிறோமே, அரசை ஏன் தொல்லை செய்ய வேண்டும்?

வாங்க முடிகிறவர்கள் வாங்கிக்கொள்வதால்தான் மேட்டு வளவின் குழி இன்னும் மூடப்படாமல் இருக்கிறது. சத்தம் போடத் தெரிந்தவர் கேனுக்கு மாறிவிடுகிறார். மிச்சமிருப்பவர் குரல் ஆபீஸ் வரை கேட்பதில்லை.

சாசனம் இதைப் பற்றி ஏதாவது சொல்கிறதா?

சொல்கிறது. மக்களின் ஊட்டச்சத்தையும் வாழ்க்கைத் தரத்தையும் உயர்த்துவது, பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவது ஆகியவை அரசின் முதன்மைக் கடமைகளில் அடங்கும் என்கிறது 47ஆவது பிரிவு. இது வழிகாட்டு நெறி என்பதால் இதை மட்டும் வைத்துக் கோர்ட்டில் கேட்க முடியாது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று இன்னொரு பிரிவு சொல்கிறது. அது 1976இல் பிற்பாடு சேர்த்தது என்றாலும், இரண்டும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன.

பெரிய பெரிய சிலைகள்?

182 மீட்டர் படேல் சிலைக்கு மூவாயிரம் கோடியை ஒட்டிச் செலவு. சந்திரயான்-3 போலக் கிட்டத்தட்ட ஐந்து தரம் போகலாம். சிலையால் விஞ்ஞானம் வளராது, விளைச்சலும் கூடாது. சுற்றுலா வருமானத்தைக் காட்டுகிறார்கள், சரி. எனக்கு அது திருப்தியாக இல்லை. நம் மாநிலத்துச் சிலைகளுக்கும் மணிமண்டபங்களுக்கும் இதே பதில்தான்.

ஏழைகளுக்கு லட்சியமே கூடாது என்கிறீர்களா?

நேர் எதிர். 1967இல் சேலம் உருக்காலை கேட்டுத் தமிழ்நாடே எழுச்சி நாள் கொண்டாடியது. இரும்பாலை யாருடைய அடுப்பிலும் உலை வைக்கப் போவதில்லை என்று தெரிந்தும் தறிக்காரரும் கூலிக்காரரும் கேட்டார்கள். 1970இல் அடிக்கல், ஆலை ஓடத் தொடங்கியது எண்பதுகளின் தொடக்கத்தில். பெருமை பணக்காரனுக்கு மட்டும் உரியது என்று நினைப்பது படித்தவர்களின் கர்வம்.

சரி, எங்கள் ஊரில் நாங்கள் என்ன செய்யலாம்?

கிராம சபைக்குப் போங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், அன்று இதைப் பேசாமல் வேறெதைப் பேசுவது? போய் 'தண்ணி வரலீங்க' என்று மட்டும் சொன்னால் 'பார்க்கிறோம்' என்று எழுதிக்கொள்வார்கள். இப்படிக் கேளுங்கள்: போன வருஷம் மோட்டார் ரிப்பேருக்கும் பைப் பராமரிப்புக்கும் எவ்வளவு செலவானது, பில் எங்கே? மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதி என்ன? கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து ஊருக்கு ஒதுக்கிய அளவு எத்தனை லிட்டர், மீட்டர்படி வந்தது எத்தனை லிட்டர்? தீர்மானமாக எழுதச் சொல்லி, படித்துக் காட்டச் சொல்லி, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. வெள்ளைத்தாள் போதும், பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். கேட்பதில் 'ஏன்' என்ற சொல் வேண்டாம், அதற்கு 'தகவல் இல்லை' என்று மடக்கிவிடுவார்கள். 'நகல் தருக' என்று கேளுங்கள். பம்ப் ஓடிய நேரத்தைக் குறிக்கும் பதிவேட்டின் மூன்று மாத நகல் கையில் வந்தால், மேட்டு வளவுக்கு எத்தனை நாள் தண்ணீர் விட்டார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.